மாமாவுக்கும் மருமகனுக்கும் நடுவில் செவ்வாய்

கேள்வி: நான் மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மகன் எச்.எஸ்.சி. படிக்கிறான். கணக்கு, இயற்பியல் இரண்டிலும் கெட்டிக்காரன். விண்வெளி வீரனாக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த வருஷம் காவடி முடிந்து எல்லோரும் வாழையிலை போட்டுச் செத் காரி, அதான் ஏழு கறிச் சாப்பாடு, சாப்பிட உட்கார்ந்தபோது என் தம்பி, "மனுஷனை மேலே அனுப்புவதெல்லாம் வெட்டிச் செலவு. ரோபோவே எல்லாம் பார்த்துக்கொள்ளும். நீ படித்து முடிக்கும்போது அந்த வேலையே இருக்காது" என்று சொல்லிவிட்டான். அவன் வங்கியில் இருப்பவன், எதையும் கணக்குப் போட்டுத்தான் பேசுவான். மகன் பாதி இலையில் எழுந்து போய்விட்டான். மாமாவும் மருமகனும் இன்னும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஆன்டெனா, சாட்டிலைட் என்று காலம் முழுக்க வேலை பார்த்தவர் நீங்கள். யார் சொல்வது சரி? மகனுக்கு நான் என்ன சொல்ல?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. "அந்த வேலையே இருக்காது" என்றது மட்டும் வேண்டாத பேச்சு. அதுவும் இலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம்.

கணக்குக்காரர் என்பதால் முதலில் அவர் பக்கத்து எண்களையே எடுக்கிறேன். நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்தில் முதல் நான்கு பயணங்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 410 கோடி டாலர் ஆகும் என்று அந்த நிறுவனத்தின் தணிக்கைத் தலைவரே 2022ல் சொன்னார். நம் பணத்தில் ஏறத்தாழ 18,000 கோடி ரூபாய். மொரிஷியஸ் அரசின் ஒரு வருஷ பட்ஜெட்டில் பெரும்பகுதிக்குச் சமமான தொகை, ஒரே ஒரு தடவை போய்வர. செவ்வாயில் ஓடிக்கொண்டிருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்திக்கு, கட்டியது, ஏவியது, முதல் இரண்டு வருஷம் ஓட்டியது எல்லாம் சேர்த்து 270 கோடி டாலர் அளவில்தான் ஆனது. இந்தியாவின் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் இறங்க ஆன செலவு சுமார் 615 கோடி இந்திய ரூபாய். ஒரு ஆர்ட்டெமிஸ் பயணத்தின் காசில் அப்படி ஐம்பது அனுப்பலாம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆள் போனால் காற்று, தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் கூடவே போக வேண்டும். அதைவிடப் பெரிய செலவு, ஆள் திரும்பி வர வேண்டும் என்பது. 1977ல் கிளம்பிய ஆளில்லாக் கலம் வாயேஜரை யாரும் வீட்டில் காத்திருந்து தேடவில்லை. செவ்வாய்க்குப் போய்வர இரண்டு, மூன்று வருஷம் பிடிக்கும். எடையற்ற நிலையில் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் தேயும். கதிர்வீச்சு வேறு. ஷட்டில் விண்கலங்களான சேலஞ்சர் 1986ல், கொலம்பியா 2003ல் – இரண்டிலும் சேர்த்து 14 பேர் உயிரிழந்தார்கள். ரோவர் என்ற ஆளில்லா ஊர்தி ஒன்று கவிழ்ந்தால் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள், அவ்வளவுதான். ஆள் செத்தால் மொத்தத் திட்டமும் வருஷக்கணக்கில் நின்றுபோகும்.

தம்பி சொல்லாமல் விட்ட, ஆனால் அவருக்கு இன்னும் வலுவான ஒரு வாதம் உண்டு. அமெரிக்கா 1978க்கும் 1989க்கும் நடுவில் வேறு கோள் எதற்கும் ஒரு கலம்கூட ஏவவில்லை. ஆட்களை ஏற்றிச் செல்லும் ஷட்டில் திட்டம் பணத்தையும் விழுங்கியது, ஏவும் வரிசையையும் அடைத்துக்கொண்டது. அந்த வரிசையில் மாட்டியதுதான் வியாழனுக்குப் போன கலிலியோ. என் தொழில் ஆன்டெனா என்பதால் இந்தக் கதையை என்னால் சுருக்கிச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிலியோவை 1986 மே மாதம் ஷட்டிலில் வைத்து ஏவ ஏற்பாடு. ஜனவரியில் சேலஞ்சர் வெடித்தது. எல்லாம் தள்ளிப்போய், கடைசியில் 1989 அக்டோபரில்தான் ஏவ முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் கலத்தைப் புளோரிடாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு லாரியில் திருப்பி எடுத்துப்போய், மறுபடி லாரியில் கொண்டுவந்தார்கள். அதன் பெரிய ஆன்டெனா குடை மாதிரி மடக்கி வைத்தது: 18 கம்பிகள், விரிந்தால் 4.8 மீட்டர். லாரிக் குலுக்கலில் கம்பி முனைகளில் இருந்த உலர் மசகு தேய்ந்துபோயிருக்க வேண்டும். 1991 ஏப்ரலில் விரியச் சொல்லி ஆணை அனுப்பினார்கள். சில கம்பிகள் சிக்கிக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் அரைகுறையாகத் திறந்தது. கலத்தை வெயிலுக்குக் காட்டிச் சூடாக்கினார்கள், நிழலுக்குத் திருப்பிக் குளிரவைத்தார்கள், மோட்டாரை விட்டு விட்டு இயக்கி ஆயிரக்கணக்கான தடவை உதைத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. விநாடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சின்ன ஆன்டெனாவை வைத்து முதலில் பத்தோ இருபதோ பிட்தான் அனுப்பியது. தரையில் இருந்தவர்கள் மென்பொருளை மாற்றி, படங்களைச் சுருக்கி, கேட்கும் ஆன்டெனாக்களை ஒன்றோடொன்று இணைத்து அதை 160 பிட் வரை ஏற்றினார்கள். அந்த ஊசித்துவாரம் வழியாகவே, நினைத்ததில் 70 சதவீத அறிவியலை எடுத்துவிட்டார்கள். என் தொழிலில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியாது.

இந்தக் கதை தம்பிக்குச் சாதகமா, மகனுக்கா? இரண்டு பேருக்கும்தான். ஆட்கள் போகும் வண்டியில் ஏற்றியே தீருவோம் என்று பிடிவாதம் பிடித்ததால் வந்த கோளாறு அது. அதே சமயம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தக் கம்பிகளைத் தட்டி எடுத்துவிட்டிருப்பார்.

வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. 1973 மே மாதம் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை ஏவியபோது அதன் ஒரு சூரியத் தகடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று ஒரு உலோகப் பட்டையில் மாட்டி விரியாமல் நின்றது. நிலையம் சூடேறிக் கெட்டுப்போகும் நிலை. ஜூன் 7 அன்று விண்வெளி வீரர்கள் கான்ராடும் கெர்வினும் வெளியே போய், நீளக் கம்பு முனையில் கட்டிய வெட்டுக் கருவியால் அந்தப் பட்டையை அறுத்தார்கள். தகடு விரிந்தது, மின்சாரம் வந்தது, நிலையம் பிழைத்தது. ஹபிள் தொலைநோக்கியும் அப்படித்தான். 1990ல் கண்ணாடி பிசகி மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்ததை 1993 டிசம்பரில் ஏழு பேர் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஷட்டிலுக்கு ஆன செலவைக் கூட்டினால் புது ஹபிளே வாங்கியிருக்கலாம் என்பவர்கள் உண்டு. உங்கள் தம்பி அதைத்தான் சொல்வார், அவரை மறுக்கவும் முடியாது.

செவ்வாயில் இன்சைட் கலத்தின் கதி தெரியுமா? 2018 நவம்பரில் இறங்கியது. 40 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு தானியங்கி ஆணி, தன்னைத் தானே தட்டிக்கொண்டு 5 மீட்டர் ஆழம் போக வேண்டும். அங்கிருந்த மண் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது, ஆணியின் பக்கவாட்டில் பிடிமானம் இல்லை, ஒவ்வொரு தட்டலுக்கும் அது துள்ளித் துள்ளி வெளியே வந்தது. கலத்தின் கையால் அமுக்கிப் பார்த்தார்கள், மண்ணை அணைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷப் போராட்டம். தலை மண்ணுக்குள் மறையும் அளவுதான் போனது, 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் தெரிந்த ஒரு ஆளுக்கு அது அரைநாள் வேலை.

இளவயதில் நம் தீவின் பிரா தோ காட்டில் இருந்த ரேடியோ தொலைநோக்கியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,024 சுருள் ஆன்டெனாக்கள், வடக்கு தெற்காகத் தண்டவாளத்தில் நகர்த்தும் டிராலிகள். கடல் உப்புக் காற்றில் கனெக்டர் நட்டுகள் இறுகிப்போகும். ஸ்பானரைப் போட்டுத் திருப்பும்போது, இன்னும் கால் சுற்று போனால் மரை தேய்ந்துவிடும் என்று மணிக்கட்டுதான் முதலில் சொல்லும். உடனே நிறுத்தி, எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருப்புவோம். இந்த வேலையை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செவ்வாயிலிருந்து சேதி வர தூரத்தைப் பொறுத்து 3 நிமிஷம் முதல் 22 நிமிஷம் வரை ஆகிறது. "இறுகுது" என்று அது சொல்லி, "நிறுத்து" என்று நாம் சொல்வதற்குள் மரை போயிருக்கும். நிலவுக்கு என்றால் ஒன்றேகால் விநாடிதான். அதனால்தான் சோவியத் நாட்டவர் 1973லேயே லூனகோத்-2 வண்டியைத் தரையில் உட்கார்ந்தபடி நிலவில் 39 கிலோமீட்டர் ஓட்ட முடிந்தது. தூரம் கூடக் கூட ஆள் பக்கத்தில் இருப்பதன் பலனும் கூடுகிறது. ஆனால் அவரை அங்கே கொண்டுபோய் உயிரோடு வைத்திருக்கும் செலவு அதைவிட வேகமாக ஏறுகிறது. சிக்கல் எல்லாம் அங்கேதான்.

வேகத்தைப் பற்றிய கணக்கு உங்கள் மகனுக்குப் பிடிக்கும். ஆப்பர்சுனிட்டி ரோவர் 14 வருஷத்துக்கும் மேல் செவ்வாயில் இருந்து 45 கிலோமீட்டர் ஓடியது. 1972 டிசம்பரில் அப்போலோ-17ல் போன இரண்டு பேர் மூன்று நாளில் 35 கிலோமீட்டர் நிலவு வண்டியில் சுற்றினார்கள். அதில் ஒருவர் ஹாரிசன் ஷ்மிட், நிலவில் கால் வைத்த ஒரே பாறை ஆராய்ச்சி (ஜியாலஜி) அறிஞர். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் ஓரம் அவர் காலடியில் ஆரஞ்சு நிறத்தில் மண் தெரிந்தது. அங்கேயே குழி வெட்டி எடுத்தார்கள். பழைய எரிமலை பீச்சியடித்த கண்ணாடி மணிகள் என்று பிறகு தெரிந்தது. ஆப்பர்சுனிட்டி அணிக்குத் தலைமை தாங்கிய ஸ்டீவ் ஸ்குவைரஸே, ரோவர் ஒரு முழு நாளில் செய்வதை மனிதன் ஒரு நிமிஷத்துக்குள் செய்துவிடுவான் என்று சொன்னவர்தான். அப்போலோ ஆட்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. அந்தக் காலத்தில் சோவியத்தின் மூன்று எந்திரங்கள் கொண்டுவந்தது எல்லாம் சேர்ந்து 300 கிராம் சொச்சம்.

இதைத் தம்பியிடம் சொல்லி ஜெயித்துவிடலாம் என்று பையன் நினைத்தால், அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்போலோ 1970களின் விலையிலேயே 2,500 கோடி டாலருக்கு மேல் தின்றது. எந்திரங்களும் அன்றிருந்த இடத்தில் நிற்கவில்லை. 2024ல் சீனாவின் சாங்கே-6, மனிதர் யாரும் இறங்காத நிலவின் மறுபக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 2 கிலோ மண் எடுத்துவந்தது. இடைவெளி வருஷா வருஷம் தம்பியின் பக்கமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது.

இன்னொரு தப்பான வாதத்தையும் பையன் எடுக்கக்கூடும். நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான மிர்-சாட்1, பத்து சென்டிமீட்டர் பெட்டி, 2021 ஜூன் 22 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பானியக் கூடமான கிபோவிலிருந்துதான் வெளியே விடப்பட்டது. ஆட்கள் இருக்கும் நிலையம் இல்லாவிட்டால் நமக்கு சாட்டிலைட்டே இருந்திருக்காது என்பான். அப்படி இல்லை. 2017ல் இந்திய பி.எஸ்.எல்.வி. ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் விட்டது, அதில் பெரும்பாலும் இந்த மாதிரிப் பொடிசுகள்தான். உண்மையில் நம் தீவுக்கு விண்வெளியால் வரும் பலன் அத்தனையும் ஆளில்லாக் கலங்களிலிருந்துதான் வருகிறது. 2020ல் வகாஷியோ கப்பல் எண்ணெய் கொட்டியபோது கறை எந்தப் பக்கம் நகர்கிறது என்று மேலிருந்து காட்டியதும், பெலால் மாதிரிப் புயல் எங்கே வருகிறது என்று காட்டுவதும் எந்திரங்கள்.

மனிதன் பக்கத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியும் வாதம் ஒன்று உண்டு. அது ராக்கெட்டுக்கு முந்திய கதை, நம் தீவோடும் தமிழோடும் சம்பந்தப்பட்டது. கியோம் லெ ஜென்டி என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761 ஜூனில் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போவதைப் புதுச்சேரியில் இருந்து அளக்கக் கிளம்பி, 1760ல் இங்கே வந்து இறங்கினார். அப்போது இது பிரெஞ்சுத் தீவு. இங்கிருந்து கப்பல் பிடித்துப் போனால், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. திரும்பும் வழியில், நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்து வெள்ளியைப் பார்த்தார். அதை வைத்து ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்தது 1769ல். ஊர் போகாமல் கிழக்குக் கடல்கள் பக்கமே எட்டு வருஷம் இருந்து, மறுபடி புதுச்சேரி போய்க் கூடம் கட்டிக் காத்திருந்தார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது. 1771ல் பிரான்ஸ் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

அவர் இடத்தில் ஒரு கருவி மட்டும் போயிருந்தால் இரண்டு தடவையும் "தரவு இல்லை" என்று எழுதிவிட்டுப் பேசாமல் கிடந்திருக்கும். லெ ஜென்டி சும்மா இருக்கவில்லை. புதுச்சேரியில் தமிழ்க் கணிதர்கள் கிரகணம் கணிக்கும் முறையை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதில் அவர்கள் கணக்கு 41 விநாடிதான் பிசகியது. அன்றைய சிறந்த ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி பிசகியது. இதை ஐரோப்பாவுக்கு எழுதி வைத்தவர் அவர். எதற்கு அனுப்பினார்களோ அது நடக்கவில்லை. அவர் பட்ஜெட்டில் எந்தப் பத்தியிலும் இல்லாத வேறொன்று நடந்தது. இதற்கு விலை போடத் தெரிந்த தணிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. பதினோரு வருஷச் செலவுக்கு இது போதுமா என்று தம்பி கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அறிவியலுக்காக மட்டும் என்றால் எந்திரத்தைத்தான் அனுப்ப வேண்டும், வியாழனுக்கும் சனிக்கும் வெள்ளிக்கும் அதைத் தவிர வேறு வழியே இல்லை. பூமிக்கு அருகிலும் நிலவிலும் ஆள் போவதற்கு நான் ஆதரவு. ஏதாவது ஆனால் சில நாளில் திரும்பி வரலாம், ரிப்பேர் வேலைக்குக் கையும் கண்ணும் உதவும். செவ்வாய்க்கு இப்போது ஆள் அனுப்புவது வேண்டாம் என்பேன். செலவுக்காக மட்டும் இல்லை. அங்கே உயிர் இருந்ததா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். மனித உடம்போடு கோடிக்கணக்கில் கிருமி போகும், பிறகு கண்டுபிடிப்பது எதுவாக இருந்தாலும் அது அங்கே இருந்ததா, நாம் கொண்டுபோனதா என்ற சந்தேகம் தீராது.

ஆள் அனுப்பும் நாடுகள் அறிவியலுக்காக அனுப்புவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்போலோ பனிப்போரின் பிள்ளை. இந்தியாவும் ஆள் அனுப்பும் தன் ககன்யான் திட்டத்துக்கு 2024ல் ஒதுக்கீட்டை 20,193 கோடி இந்திய ரூபாயாக உயர்த்தியது மண் ஆராய்ச்சிக்காக அல்ல. 2025 ஜூனில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோது நம் ஊர் வீடுகளிலும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பெருமைக்கு ஒரு நாடு காசு கொடுக்கலாம், தப்பில்லை. அறிவியல் பணம் என்று பேர் எழுதி எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் தம்பியோடு நிற்கிறேன்.

இனி மகன். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் கடைசியாக 2022ல் ஆட்களை எடுத்தபோது 22,500க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து 17 பேர் தேர்வானார்கள். அதற்கும் உறுப்பு நாடு ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும், மொரிஷியஸ் உறுப்பு நாடு இல்லை. இதை அவனிடம் மறைக்காதீர்கள். பதினேழு வயதுப் பையன் எண்ணைத் தாங்குவான், ஏளனத்தைத்தான் தாங்க மாட்டான். அங்கே கேட்ட தகுதி என்ன என்று பார்த்தால், அறிவியல், பொறியியல் அல்லது மருத்துவத்தில் முதுகலை, அதற்குமேல் மூன்று வருஷ வேலை அனுபவம், ஆங்கிலம். ரோவர் கட்டுகிறவர்களும் ஓட்டுகிறவர்களும் இதே படிப்பைப் படித்தவர்கள்தான். ஆளா எந்திரமா என்று அவன் இப்போதே கட்சி சேர வேண்டியதில்லை, இன்னும் ஏழெட்டு வருஷம் பாதை ஒன்றுதான். ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாக வரும் நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. கணக்கு, இயற்பியலோடு கணினி அறிவியலையும் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். கையால் எதையாவது கழற்றி மாட்டவும் பழகட்டும். மார்க் மட்டும் உள்ள பையன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எச்.எஸ்.சி.யில் முன்னணி மாணவனாக, லொரேயா ஆகி, ஸ்காலர்ஷிப் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ரெத்வியில் உள்ள மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்கு இப்போது கட்டணம் இல்லை. காசு தேவைப்படப் போவது அதற்கப்புறம், வெளிநாட்டில் முதுகலைக்கு. எவ்வளவு ஆகும், எந்தக் கடன் எந்த வட்டிக்கு, இப்போதிருந்து மாதம் எவ்வளவு ஒதுக்கினால் சரிப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத சமாசாரம். வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறார். அந்தக் கணக்கைத் தம்பியையே போடச் சொல்லுங்கள், மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்து.